வீரம்மா வீட்டுக் காற்று

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோராம் வருஷம் மாசி மாதத்தில், பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைகளின் புகை வீரம்மாவின் வீட்டுக்குள் வருவதை நிறுத்திக்கொண்டது. மற்ற வீடுகளுக்குள் எப்போதும்போலக் கேட்காமல் கொள்ளாமல் நுழைந்தது. அவள் வீட்டுக்கு வந்ததும் வாசற்படிக்கு ஒரு சாண் முன்னால் நின்று, கொஞ்சம் தயங்கி, பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. இதற்குத் தெருவில் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான். அவள் புருஷன் தம்புசாமி பதினெட்டு வருஷம் சூளையில் தீப் போட்டவன். புகையின் நிறத்தை வைத்தே உள்ளே கல் என்ன பதத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவான். வெள்ளையாக வந்தால் ஈரம் போகிறது, கறுப்பாக வந்தால் விறகு மிஞ்சிவிட்டது, நீலமாக மெலிந்தால் சூளை வாயை அடைத்துவிடலாம். அப்படிப் பார்த்துப் பார்த்தே நெஞ்சு நிறையப் புகையை ஏற்றிக்கொண்டவன் ஒரு நாள் இருமிக்கொண்டே சூளையடியில் விழுந்தான். நாலு பேர் தூக்கி வந்து பாயில் கிடத்தினார்கள். பின்னாலேயே புகையும் வந்தது. வீரம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். "அவரத் தின்னது போதாதா ஒனக்கு? இந்தப் படியத் தாண்டி வந்தே, மானம் மரியாத கெட்டுப் போயிரும், சொல்லிட்டேன்!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். புகைக்கும் ரோஷம் உண்டு என்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

வீரம்மாவுக்கே அது உடனே தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. அந்தச் செவ்வாய்க்கிழமை மிளகாய் வற்றல், உப்பு, முச்சந்தி மண் எல்லாம் கையில் எடுத்துப் புருஷனுக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. மிளகாய் எரிந்தும் நெடி வராவிட்டால் கண்ணேறு பலமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மறுநாள் இரண்டு பிடி போட்டாள். அப்போதும் வரவில்லை. எந்தப் பாவி கண்ணோ என்று ஊரில் உள்ள பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஆறு வாரம், ஒரு கூடை மிளகாயை எரித்துத் தீர்த்தாள். கடைசியில் எதிர்வீட்டு நல்லம்மாள், கண்ணும் மூக்கும் ஒழுக, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து, "அடியே, ஒன் வீட்டுப் பொக பூரா என் வீட்டுக்குத்தாண்டி வருது!" என்று அழுதாள். அப்போதுதான் வீரம்மா திரும்பிப் பார்த்தாள். தம்புசாமி பாயில் படுத்து அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ஆறு வாரமாக அவன் ஒரு தடவைகூட இருமவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று வாசலுக்குக் கூட்டி வந்தாள். இரண்டே நிமிஷத்தில் உதடு நீலம் பாரித்துவிட்டது. உள்ளே இழுத்துப் போட்டதும் சரியாயிற்று. இந்த வீடு இருக்கும் வரைதான் இவர் இருப்பார் என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்துபோயிற்று. அடுப்பைத் தூக்கிப் பின்சந்தில் வைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு ஒரு காற்றுச் சட்டம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து, அதற்கென்று காற்று ஆபீஸ் ஒன்றைத் திறந்தார்கள். அதற்கு ஒரு துரை, அந்தத் துரைக்கு எழுத்து வேலை பார்க்க ஒரு கிராணி. கிராணி இராமலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதுவதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லாதவர். காற்று எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று துரைக்குத் தெரியவில்லை. ஆகவே மற்ற தேசங்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டு எல்லாத் தேசத்துக்கும் கடிதம் போட்டார். ஒரு தேசம், எங்கள் சட்டத்தில் காற்று நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறோம், நன்றாக என்றால் என்ன என்பதை இன்னும் எழுதவில்லை என்று பதில் போட்டது. இன்னொன்று, சாம்பல் நிறக் கட்டங்கள் அச்சடித்த அட்டை ஒன்றை அனுப்பி, இதைவிடக் கறுப்பான புகை கூடாது என்றது. அட்டை கப்பலில் நனைந்து முழுக்கக் கறுத்துப்போய் வந்து சேர்ந்தது. மூன்றாவது, காற்று யாருக்கும் சொந்தமில்லை, ஆகவே அதைப் பற்றி யாரும் கடிதம் எழுதக் கூடாது என்று கோபித்துக்கொண்டது. தங்கள் பனிமலைக் காற்றை ஒரு பாட்டிலில் அடைத்து அனுப்பிய தேசமும் உண்டு. துரை அதைத் திறந்து மோந்து பார்த்தார், தீர்ந்துபோயிற்று.

வேறு வழியில்லாமல் துரை உள்ளூரிலேயே அளவு தேடினார். ஈரமான வெள்ளைத் துணியை ஒரு மணி நேரம் தொங்கவிட்டு எடுத்துப் பார்ப்பது அவர் முறை. ரயில் ஸ்டேஷனில் தொங்கவிட்ட துணி கறுப்பாக வந்தது. செந்தூல் பட்டறைத் துணியைக் காணவே காணோம். பங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில்கூடத் துணி பழுப்பாகத்தான் வந்தது. வீரம்மா வீட்டில் தொங்கவிட்ட துணி மட்டும் போனதைவிட வெளுத்து வந்தது. துரை தொப்பியைக் கழற்றிவிட்டார். பதின்மூன்றாம் வருஷம் சட்டம் கெஜட்டில் வந்தது: நகரத்தில் எந்த இடத்துக் காற்றும், அட்டவணையில் கண்ட வீட்டில் உள்ளபடியான காற்றைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது. மூன்று வருஷம் தொடர்ந்து தவறும் சூளை ஊரை விட்டுப் போக வேண்டும். அட்டவணையைக் கிராணி அந்த வீட்டிலேயே உட்கார்ந்து எழுதினார். ஓலைக் கூரை ஒன்று, சன்னல் இரண்டு, பாய் ஒன்று, அதில் படுத்திருப்பவர் ஒருவர், நிமிஷத்துக்குப் பதினான்கு மூச்சு. துரை படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

சூளை முதலாளியான தவுக்கே முதலில் சிரித்தார், பிறகு ஆள் வைத்துத் துணி தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினார். தினமும் அளக்கக் கூடாது, வருஷச் சராசரிதான் நியாயம் என்று மனுப் போட்டார்கள், கிடைத்தது. மழை நாளை இரண்டு நாளாக எண்ண வேண்டும் என்றார்கள், அதுவும் கிடைத்தது. கிள்ளானிலிருந்து வரும் புகை வேறு ஜில்லாப் புகை, அதை இந்த ஊர்க் கணக்கில் சேர்க்க முடியாது என்று மூன்றாவதாக ஒரு திருத்தம் வந்தது. அன்றிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் புகையெல்லாம் காலையில் கிளம்பிக் கிள்ளான் வரை போய்விட்டு மத்தியானம் திரும்பி வரத் தொடங்கியது. ரயில்வேக்காரர்கள் தண்டவாளத்தின் மேலேயே அது போவதையும் வருவதையும் பார்த்திருக்கிறார்கள். இத்தனை செய்தும் துணி கறுப்பாகத்தான் வந்தது. ஊர்க் காற்றை உயர்த்துவதைவிட வீரம்மா வீட்டுக் காற்றைத் தாழ்த்துவது சுலபம் என்று தவுக்கேக்கு யோசனை வந்தது அப்போதுதான்.

சூளையில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் பழனியப்பனைத் தூது அனுப்பினார். பழனியப்பன் தம்புசாமியோடு ஒன்றாக வேலை பார்த்தவன், கூச்சப்பட்டுக்கொண்டே வந்தான். "அக்கா, அளக்க வர்ற அன்னைக்கி மட்டும் பொகையச் சமாதானமா உள்ள கூப்பிட்டு நாலு கருவாடு வறுங்க லா. ஊரே பொழச்சிக்கும்."

"ஊரு பொழச்சிக்கும். ஒங்க அண்ணன் பொழைப்பாரா?" என்று கேட்டாள் வீரம்மா. "கூடப் பொறந்தவன் மாதிரிதானே பழகினே? ஒனக்கு எப்படிடா கேக்க வாய் வந்துச்சு?"

பழனியப்பன் தலை குனிந்தபடி போய்விட்டான். ஆனால் தவுக்கே விடவில்லை. வீரம்மா வெளியே போனால் புகை உள்ளே வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அளவு என்பது அரசாங்கச் சொத்து, அதில் ஒரு குடித்தனம் இருந்துகொண்டு மூச்சு விட்டுக் கெடுக்கலாமா என்று லாயரை வைத்து எழுதினார். துரைக்கு அது நியாயமாகவே பட்டது. ஏழு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற நோட்டீஸை எடுத்துக்கொண்டு கிராணி இராமலிங்கம் வந்தார்.

"அம்மா, கோவிக்காதேங்கோ. வீட்டைப் பூட்டி முத்திரை வைக்கச் சொல்லித் துரை உத்தரவு" என்றார்.

"இங்கேருந்து வெளிய போனா அவரு ஒரு மணி நேரம் தாங்க மாட்டாரு, ஐயா."

"விளங்குது. ஆனா சட்டத்துக்கு இரக்கம் இல்லையே, அம்மா."

வீரம்மா நோட்டீஸைக் கையில் வாங்கவில்லை. எழுத்துத் தெரியாதவள், ஆனால் ஒருவர் எழுதும்போது என்ன சொல்லிக்கொண்டு எழுதுகிறார் என்று கவனிக்கிறவள். "அப்ப இரக்கம் வேணாம். அன்னைக்கி இங்க ஒக்காந்து வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதுனீங்களே, அத ஒருக்கா படிங்க" என்றாள். கிராணி பையிலிருந்த கெஜட்டை எடுத்துப் படித்தார். கூரை, சன்னல், பாய், படுத்திருப்பவர், பதினான்கு மூச்சு. "அவர வெளிய தூக்கிப் போட்டா இது அந்த வீடா? நீங்க கெஜட்டுல போட்ட காத்துல அவரு மூச்சும் இருக்குல்ல?" கிராணி மறுபடியும் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் படித்தார். பிறகு நோட்டீஸை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆபீஸுக்குத் திரும்பினார்.

துரை மூன்று நாள் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். நாலாம் நாள் நோட்டீஸ் ரத்தாகி, வேறு உத்தரவு வந்தது. தம்புசாமி அளவின் ஒரு பாகம். வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, பாயை மாற்றக் கூடாது, மூச்சு கூடவும் குறையவும் கூடாது. வருஷத்துக்கு ஒரு முறை கிராணி கடிகாரத்தோடு வந்து எண்ணிப் பார்ப்பார். வீரம்மா உத்தரவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தவுக்கேயும் சும்மா இருப்பவரா? அளவில் மூச்சு உண்டென்றால் எங்கள் சூளையிலும் உண்டு என்று, களத்தில் ஒரு பாயைப் போட்டுப் பழனியப்பனை அதில் படுக்க வைத்து நிமிஷத்துக்குப் பதினான்கு மூச்சு விடச் சொன்னார். பாதிச் சட்டத்துக்குப் பொருந்துகிறது என்று ஆபீஸ் சான்றிதழ் கொடுத்தது. பாதி பொருந்தினால் ஊரை விட்டு அனுப்ப விதி இல்லை. சூளை புகைந்துகொண்டிருந்தது, பழனியப்பனுக்கு அதன் பிறகு வேறு வேலை கிடையாது.

வருஷங்கள் போயின. எங்கோ சண்டை வந்து ஓய்ந்தது, ரப்பர் விலை ஏறி விழுந்தது, நாலு துரைகள் வந்து போனார்கள். இருபத்தாறில் பெருவெள்ளம் வந்தபோது செந்தண்ணீர் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. தண்ணீரை வீரம்மா ஒரு நாளும் திட்டியதில்லை, அதனால் அது உள்ளே வந்தது. மேசை மேல் பாயைப் போட்டுப் படுக்க வைத்தாள். தம்புசாமி அங்கேயும் பதினான்குதான் விட்டான். சில சாயங்காலங்களில் சன்னல் வழியே சூளைப் புகையைப் பார்த்து, "நீலம் அடிக்குது, வாய அடைக்கச் சொல்லு" என்பான். அவளும் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். அவன் சொன்னது ஒரு நாளும் தப்பியதில்லை.

இருபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில், ஒரு காலை வேளையில், காப்பி கேட்டுவிட்டு அது வருவதற்குள் தம்புசாமி செத்துப்போனான். நோயில்லை, இருமலில்லை, வயதாகிவிட்டது, அவ்வளவுதான். வீரம்மா காப்பித் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுத் தெருவே திரண்டு வரும்படி அழுதாள். எடுத்துக்கொண்டு போய்த் தகனம் செய்துவிட்டு வந்தார்கள். கிராணி இராமலிங்கமும் சுடுகாடு வரை வந்தார். திரும்பி வந்து அவர் ஆபீஸில் தகவல் சொன்னபோது, அட்டவணையைத் திருத்தச் சபை கூட வேண்டும், சபை கூட லண்டனிலிருந்து அனுமதி வர வேண்டும், அதுவரை சட்டத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று ஐந்தாவது துரை சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் சொந்தக்காரர்கள் போன பிறகு வீரம்மா வீட்டைக் கழுவி, விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தாள். காலியான பாயிலிருந்து மூச்சுச் சத்தம் வந்தது. இழுத்தது, விட்டது, இழுத்தது, விட்டது. நல்லம்மாள் வந்து கேட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடினாள். வீரம்மா ஓடவில்லை. கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். முகத்தில் இளஞ்சூடாகக் காற்றுப் பட்டது. வெற்றிலை வாசனைகூட இருந்தது.

அந்த வருஷமும் அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் கிராணி கடிகாரத்தோடு வந்து, எண்ணி, பதினான்கு என்று எழுதிக்கொண்டு போனார். கண்டதைக் கண்டபடி எழுதுகிறவர். கேட்டதையும் அப்படியே எழுதினார். முப்பத்துநாலில்தான் லண்டன் அனுமதி வந்தது. காற்றை அளக்க இனிமேல் கண்ணாடிக் குழாய் வைத்த ஒரு இயந்திரம். வீட்டையும் பாயையும் மூச்சையும் அட்டவணையிலிருந்து நீக்கலாம். வீட்டுக்காரி ஒரு கைநாட்டு வைத்தால் போதும். கிராணிக்கும் அப்போது தலை நரைத்துவிட்டிருந்தது. மத்தியான வெயிலில் காகிதத்தையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்று, விஷயத்தைச் சொல்லத் தொடங்கினார். இந்தக் காகிதம் போய்ச் சேர்ந்த அன்றே மூச்சும் நின்றுவிடும் என்பது இருவருக்கும் தெரியும். வீரம்மா உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா ஐயா. அவரு தூங்குறாரு. அப்புறமா வாங்க."

இராமலிங்கம் உள்ளே எட்டிப் பார்த்தார். பாய் காலியாக இருந்தது. மூச்சு சீராகப் போய் வந்துகொண்டிருந்தது. "மன்னிக்க வேணும் அம்மா, நான் கவனிக்கேல்லை" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படலைச் சாத்தினார். கோப்பில், வீட்டுக்காரர் தூங்குவதால் கைநாட்டு வாங்க முடியவில்லை, பிறகு வர வேண்டும் என்று எழுதினார். துரை அதற்கும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

வீரம்மா சந்துக்குப் போய் உலையை வைத்தாள். உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. உயிரோடு இருந்தவரை அவன் குறட்டை விட்டதில்லை. செத்த பிறகு வந்த பழக்கம் அது, சட்டத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. "பட்டப்பகல்ல என்ன கொறட்ட? திரும்பிப் படுங்க!" என்று உள்ளே வந்து பாயின் ஓரத்தைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். குறட்டை நின்றது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, உலை கொதிக்கும் வரை பாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.