மூச்சுப் பழகியவன்

வலது கையில் டிரிப்ஸ் ஊசி இருந்ததால் அஃப்ஷா இடது கையால் போனை எடுத்தாள்.

"ஒண்ணு கேக்கணும் அஃப்ஷா." ஆம்பூர் கப்ரஸ்தானிலிருந்து அவள் கணவன் நிசார் பேசினான். பின்னால் குழி வெட்டும் மண்வெட்டிச் சத்தம். "புள்ள வெளிய வந்ததும் மூச்சு விட்டானா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பள்ளிவாசல் ஹஜ்ரத் கேக்குறாரு. ஒரு மூச்சு விட்டிருந்தாலும் ஜனாஸா தொழுகை உண்டாம். இல்லன்னா தொழாம அடக்கணுமாம். ஆஸ்பத்திரி பேப்பரு வேணாம், பெத்தவ சொன்னா போதும்ங்கறாரு."

"யாரு வந்திருக்காங்க?"

"அப்பா, நசீர் மாமு, ஷூ கம்பெனியில என் லைன் ஆளுங்க. எல்லாரும் தொழுகைக்கு கை கால் கழுவி ஒளு செஞ்சிட்டு நிக்கிறாங்க." குரலைத் தாழ்த்தினான். "நீ இன்னா சொன்னாலும் சரி. விட்டான்னு சொன்னாலும் சரி."

போன மாதம் ஸ்கேனுக்குத் தனியாகத்தான் போனாள். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. டாக்டரம்மா திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இது நெஞ்சு. ஏறி எறங்குது பாருங்க. கொழந்த மூச்சு விட்டுப் பழகுது."

"உள்ள ஏது மேடம் காத்து?"

"காத்து இல்லம்மா. தண்ணியத்தான் இழுத்து விடுது. வெளிய வந்தா வேணும்ல."

அப்போது அது நின்றுவிட்டது. அஃப்ஷா பயந்து எழப் பார்த்தாள்.

"நிக்கும். விட்டு விட்டுத்தான் பண்ணும். இருங்க."

இருந்தாள். ஏறவில்லை. ஏறவில்லை. பிறகு ஏறியது.

வீட்டில் சொன்னபோது நிசார் சிரித்தான். "இப்பவே ஓவர்டைம் பாக்குதா?"

அதைப் பார்த்தது அவள் மட்டும்தான். இப்போது பொய் சொன்னால் அந்த மூச்சும் பொய்யோடு சேர்ந்துவிடும்.

"அஃப்ஷா?"

"வயித்துக்குள்ள விட்டான். நான் பாத்தேன்."

"வெளிய?"

"இல்லங்க."

மண்வெட்டிச் சத்தம் நின்றிருந்தது. "இன்னாவாம்?" என்று யாரோ கேட்டார்கள். நிசார் ஏதோ சொன்னான். செருப்புகள் நகரும் ஓசை கேட்டது.

"சரி," என்றான். "பேரு வெக்கலாமாம். இன்னா பேரு?"

பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

"உமர்."

"உமரா?"

"ம்."

அவன் போனை வைத்தான்.

பக்கத்துக் கட்டில் முத்துமாரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "யக்கா, பாத்ரூம் போயிட்டு வர்றேன். புள்ளைய கொஞ்சம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "வேணாம்க்கா. நர்ஸ கேக்குறேன்."

"போய்ட்டு வாம்மா. நான் பாத்துக்கறேன்."

அவள் போனதும் அஃப்ஷா மெதுவாக ஒருக்களித்தாள். துண்டுக்குள் அந்தக் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

திடீரென்று நின்றது.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஏறவில்லை. ஏறவில்லை.

ஏறியது. அடுத்ததற்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.