பனிக்கடலில் தண்ணீர் லாரிகள்

தாம்பரம் சானடோரியத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது தேர்வு மையம். ஒன்பதரைக்கே வந்துவிட்ட கோகிலவாணி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, ஆதார் அட்டையையும் அனுமதிச் சீட்டையும் மூன்றாவது முறையாக எடுத்துப் பார்த்துக்கொண்டாள். வழியில் பிள்ளையார் கோயிலில் இட்டுக்கொண்ட குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது.

சிறுசேரியில் ஒரு சின்ன நிறுவனத்தில் பதினோரு வருடமாக இணைய வரைபடங்கள் செய்கிறாள். தண்ணீர் லாரிகள் எங்கெங்கே நிற்கின்றன என்று காட்டும் வரைபடமும் அதில் ஒன்று. சொன்னால் போதும், தானே புரோகிராம் எழுதித் தரும் புதிய டூல் ஆறு மாதத்துக்கு முன்பு அங்கே வந்தது. அதன் பிறகு இத்தனை பேர் எதற்கு என்று மேலிடத்தில் கேட்டார்கள். அந்த டூலைக் கையாளும் தேர்வெழுதி ஒன்றாம் தேதிக்குள் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் வேலை என்று மேலாளர் தாமோதரன் சொல்லிவிட்டார். இன்று முப்பது. கணவனுக்குத் திருமுடிவாக்கத்துப் பட்டறையில் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை.

"போனை பொட்டில போட்டுட்டு உள்ள போ மேடம். பத்து மணிக்கு கதவை சாத்திடுவாங்க" என்றார் காவலாளி சுப்பராயலு.

போனை அணைக்கப் போனபோது அது அடித்தது. அலுவலகத்திலிருந்து ஹரிபிரசாத். போன மாதம் சான்றிதழ் வாங்கியவன்.

"அக்கா, எக்ஸாம்னு தெரியும், மன்னிச்சிடுங்க. தண்ணி லாரி மேப் போச்சு. முப்பது லாரியும் நார்வேக்கு மேல பனிக்கடல்ல நிக்குது!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிடுச்சுடா. நமக்குப் பதிமூணு, எண்பது. திருப்பிப் போட்டா அங்கதான் போகும். டூல் எழுதினதா?"

"ஆமாக்கா. அதையே சரி பண்ணச் சொன்னேன். நாலு தடவை பண்ணிடுச்சு, திரும்பவும் அங்கேயே போவுது. மேடவாக்கம் டயாலிசிஸ் சென்டர்ல தொட்டி காலியாகப் போவுதாம். நாலு பேர் மெஷின்ல இருக்காங்களாம். தண்ணி நின்னா மெஷினும் நின்னுடுமாம்."

"டிரைவருக்கு போன் போடேன்."

"நம்பரெல்லாம் சிஸ்டத்துக்குள்ளதான்கா. அது பக்கத்து லாரியைக் காட்டினாத்தான் யாரையாவது அனுப்ப முடியும்."

மணி ஒன்பது நாற்பத்தொன்று. கோகிலவாணி படியில் உட்கார்ந்தாள். மேடவாக்கத்தில் படுத்திருக்கும் அந்த நாலு பேரில் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. "ஸ்கிரீனை போட்டோ எடுத்து அனுப்பு" என்றாள்.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கைப்பேசித் திரையில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி வரிவரியாகப் படித்தாள். லாரியிடமிருந்து எண்கள் வரும் இடத்தில் ஒருமுறை, சேமிக்கும் இடத்தில் ஒருமுறை, வரையும் இடத்தில் ஒருமுறை என்று மூன்று இடங்களில் திருப்பியிருந்தது. ஒன்றை எடுத்தால் டூல் இன்னொன்றைச் சேர்த்தது.

"இனிமே அதுகிட்ட கேக்காத. நீயே கையால மாத்து. நூத்திப் பன்னெண்டாம் வரியை அழி. அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன்கா."

"மேடம், பத்தாவப் போவுது!" சுப்பராயலு கண்ணாடிக் கதவின் இடுக்கில் பூட்ஸ் காலைக் கொடுத்து நின்றுகொண்டார்.

"வந்துட்டேன் அண்ணா. ஹரி, அடுத்தது இருநூத்தி நாலு, அப்புறம் முந்நூத்திப் பதினஞ்சு. மூணும் போகணும். அவசரப்படாத, பொறுமையாப் பாரு."

ஒரு நிமிடம் போல மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா, வந்துடுச்சு! எல்லாம் வந்துடுச்சு! ஒரு லாரி கோவிலம்பாக்கத்துலயே நிக்குது!"

"அதை அனுப்பு" என்று சொல்லிப் போனைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி தாண்டி ஒரு நிமிடம் ஆகியிருந்தது.

பதிவு மேசையிலிருந்த தேர்வு மையப் பெண் வினிதா எழுந்து நின்றாள். "சாரிக்கா. பத்தானா சிஸ்டமே லாக் ஆயிடும். என்னால திறக்க முடியாது."

"பாப்பா, அந்தம்மா அரை அவரா இங்கதான் நின்னுகினு இருந்துச்சு" என்றார் சுப்பராயலு. "நானே பார்த்தேன். எங்க வேணா கையெழுத்து போடறேன்."

"உங்க கையெழுத்தை இது எடுத்துக்காதே அண்ணா." வினிதாவுக்குக் கண் கலங்கியது.

கோகிலவாணி வெளியே வந்து, பெட்டியிலிருந்து போனை எடுத்துத் தாமோதரனை அழைத்தாள். முழுதும் கேட்டார். "ஹரி சொன்னான்மா. பெரிய காரியம் பண்ணியிருக்கீங்க, நீங்க நல்லா இருக்கணும். ஆனா லிஸ்ட்ல சர்டிபிகேட் நம்பருக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல நான் என்னத்தைப் போடறது, சொல்லுங்க?"

சுப்பராயலு தன் நாற்காலியைக் கொண்டுவந்து மின்விசிறிக்குக் கீழே போட்டார். "குந்து மேடம். தண்ணி குடி."

குடித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் எண் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அதன் திரையில் கோகிலவாணியின் புகைப்படம் இருந்தது. வினிதா அந்தத் திரையின் முன் குனிந்து, கண்ணாடி வழியே ஒருமுறை கோகிலவாணியைப் பார்த்துவிட்டு, புகைப்படத்துக்குக் கீழே இருந்த கட்டத்தில் ‘வரவில்லை’ என்று குறித்தாள்.