களப்பாறையில் ஒரு குழி

பெருமாயிக்கு அணுவும் தெரியாது, உலையும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அறுத்துப் போர் போட்ட சாமைக் கதிர் வாரக்கணக்காக மிதிபடாமல் கிடக்கிறது. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அத்தனையும் முளைத்து நாறிவிடும். அப்புறம் வருஷம் முழுக்க எதைப் பொங்குவது?

மலைமேல் ஆலத்தூர் நாட்டில் அவர்கள் ஊருக்கு இருந்த ஒரே களம், ஊர்க்கோடியில் கிடந்த பெரிய தட்டைப் பாறை. ஆடி மாதம் சர்வேக்காரர்கள் லாரியில் வந்து அதன் நட்ட நடுவில் துளை போட்டார்கள். எங்கேயோ அணு உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளை மறுபடி பக்குவம் பண்ணிக் கரண்டு எடுப்பார்களாம். அதில் மிஞ்சும் கழிவைப் புதைக்க இந்தப் பாறை தாங்குமா என்று பார்த்தார்களாம். பார்த்தார்கள், போனார்கள். குழி மட்டும் மிச்சம்.

கட்சிக்காரர்களுக்கு அது போதாதா? பெருமாயியின் கொழுந்தன் மாதேஸ்வரன் ஒரு கட்சிக்குக் கிளைச் செயலாளர். உடன்பிறந்த தம்பி செங்கோடன் எதிர்க்கட்சிக்கு. ஆடியில் மாதேஸ்வரன், "நம்ம மலைய விஷக்காடாக்கப் பாக்கறாங்க" என்று தொண்டை கிழியக் கத்தினான். செங்கோடன், "மறுசுழற்சிங்கறது விஞ்ஞானம், நாடே வெளிச்சமாகும்" என்றான். புரட்டாசியில் டெல்லியில் கூட்டணி மாறியது. உடனே இரண்டு பேரும் வாயை மாற்றிக்கொண்டார்கள். இவன் சொன்ன விஷத்தை அவன் சொன்னான், அவன் சொன்ன விஞ்ஞானத்தை இவன் சொன்னான். வெட்கம், மானம், ஒரு மண்ணும் கிடையாது. இத்தனைக்கும் அந்த ஊரில் கட்சிக்காரர்கள் கரண்டுக் கம்பம் நட்டு எத்தனையோ வருஷமாயிற்று, இன்னும் கம்பி இழுத்தபாடில்லை.

மேடை போட அந்தச் சரிவில் வேறு சமதளம் ஏது? கூட்டம், எதிர்க்கூட்டம் என்று களத்தை விடவே இல்லை.

"எப்பத்தாண்டா களத்த விடுவீங்க?" என்று தம்பியைக் கேட்டாள்.

"ரெண்டு நாள் பொறு அக்கா, தலைவர் வாராரு."

கொழுந்தனைக் கேட்டால் அவன் அதற்கு மேல். "அண்ணி, இதுக்கு மத்திய சர்க்காரு அனுமதி குடுக்கறதா, மாநிலம் குடுக்கறதான்னு பெரிய சட்டப் பிரச்சனை ஓடுதுங்க. நீங்க சாமையத் தூக்கிட்டு வாரீங்க."

"அப்ப சட்டத்தப் பொங்கித் திங்கலாமா?"

வானம் கறுத்துத் திரண்ட ஒரு காலையில்தான் இரண்டு தலைவர்களும் ஒரே நேரத்தில் காரவள்ளி மலைப்பாதை வழியாக ஏறி வந்து சேர்ந்தார்கள். வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது. சரி, சண்டை எதற்கு வந்தது, கழிவுக்கா? அட போங்கள்! பாறையில் கொடி நட இருந்தது அந்த ஒரே குழி. மாதேஸ்வரன் முந்திக்கொண்டு தன் கொடிக்கம்பத்தை அதில் இறக்கி ஆப்பு அடித்துவிட்டான். செங்கோடன் பிடுங்கப் பாய்ந்தான். சட்டை கிழிந்தது. தலைவர்கள் ஆளுக்கொரு பேட்டரி மைக்கில் ஏசிக்கொண்டார்கள்.

பெருமாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாறையில் கம்பம் ஊன்ற முடியாததால், கதிர் மிதிக்கும்போதெல்லாம் மாட்டுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவெயிலில் நின்றவள் அவள்தான். இன்றைக்குக் களத்தின் நடுவே கம்பம் நிற்கிறது, அதுவும் ஆடாமல்.

விடுவிடுவென்று போய்க் கதிர்க்கட்டைத் தூக்கி வந்து பாறையில் உதறினாள். பக்கத்து வீட்டுக் கண்ணாயியும் ஒரு சுமை கொண்டுவந்து போட்டாள். மாடு இரண்டையும் பிணைத்து ஓட்டி வந்து, கயிற்றைக் கொடிக்கம்பத்தில் மாட்டி, பாறையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு விரட்டினாள். மாடுகள் சுற்றத் தொடங்கின.

களத்தில் மாடு இறங்கிவிட்டால் தானியம் குவிக்கும்வரை கட்டவிழ்க்கக் கூடாது, செருப்புக் கால் படக் கூடாது, சண்டைச் சத்தம் கேட்கக் கூடாது. மீறினவர் குடும்பத்துக்கு விளைச்சல் தங்காது என்பது ஊர்க்கட்டு. கூட்டணி மாறினாலும் அது மாறாது. மைத்துனர்கள் இருவரும் பிடித்த சட்டையை விட்டார்கள். செருப்பைக் கழற்றி வெளியே வீசிவிட்டுக் கதிரைப் புரட்டிப் போடக் குனிந்தார்கள்.

"யோவ் மாதேஸ்வரா! நம்ம கொடிக்கம்பத்துல மாட்டக் கட்டியிருக்கு, நீ வைக்கோல் பொறுக்கறயா?" என்று அவன் தலைவர் அலறினார். எதிர்த் தலைவர் மைக்கில் சிரித்தார்.

மாதேஸ்வரன் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணே, மெல்லப் பேசுங்க. மாடு எறங்கிருச்சுங்க."

"உங்களுக்குந்தானுங்க" என்று செங்கோடன் தன் தலைவரிடம் சொன்னான். "மைக்க நிறுத்திட்டு, செருப்பக் கழட்டீட்டு வந்தீங்கன்னா ஒரு கை புடிக்கலாமுங்க."

நாட்டையே வெளிச்சமாக்க வந்தவரும் மலையையே காக்க வந்தவரும் ஒரு கதிரைக் குனிந்து எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, கார்க்கதவை அறைந்து சாத்திக்கொண்டு மலை இறங்கினார்கள்.

மழை சாயங்காலம் கொட்டியது. அதற்குள் சாமை மூட்டையாகி வீட்டுக்குள் போய்விட்டது.

மறுநாள் மாதேஸ்வரன் கம்பத்தைக் கேட்டு வந்து நின்றான். பெருமாயி கொடியை மட்டும் அவிழ்த்து, மடித்து, அவன் கையில் வைத்தாள்.

"துணியக் கொண்டு போ. கம்பம் அங்கயே நிக்கட்டும். இந்த ஊருல நீங்க நட்ட கம்பத்துலயே பிரயோசனப்பட்டது இது ஒண்ணுதான்."