சதுரக் கம்பி

வெப்பமானி ஐம்பத்தொன்றைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது. எனக்கு வேண்டியது அறுபது. முதலாளி முள்ளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எரிச்சலாக இருந்தது.

எங்களுடையது மரச்சாமான் பட்டறை. பலகை உலர்த்தும் அறைக்குச் சூடான காற்று அனுப்ப, வீணாகப் போகிற பாய்லர் புகையின் வழியில் ஒரு தகட்டுப் பெட்டியைப் பொருத்தியிருந்தேன். தகட்டுக்கு மேலே புகை, கீழே காற்று. வழவழப்பான தகட்டை ஒட்டிப் போகும் காற்று சரியான சோம்பேறி. தகட்டோடு ஒட்டிய மெல்லிய அடுக்கு மட்டும் சூடாகும், நடுவில் வருவது குளிர் மாறாமல் வெளியே போய்விடும். அதனால்தான் தகட்டின் அடியில் குறுக்குக் குறுக்காகச் சதுரக் கம்பிகளைப் பற்றவைக்கச் சொன்னேன். காற்று ஒவ்வொரு கம்பியிலும் தடுக்கி விழ வேண்டும், புரண்டு மறுபடி தகட்டில் வந்து மோத வேண்டும்.

"என்னம்மா, சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன். இல்லன்னா டீசல் ஹீட்டருக்குச் சொல்லிடறேன்" என்றார் முதலாளி. அப்படிச் சொன்னால் என் பெட்டி காயலான் கடைக்குப் போகும். இனி நான் எதை வரைந்து கொடுத்தாலும் சிரித்துக்கொண்டே மடித்து வைப்பார்கள்.

என் கணக்கின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. திமிர் என்றால் திமிர்தான். விசிறியை நிறுத்தி, புகை வழியையும் அடைத்து, தகடு ஆறியதும் மூடியைக் கழற்றச் சொல்லி, உள்ளே கைவிட்டேன். கை ஒரு தடங்கலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

பற்றவைத்தவர் என் வீட்டுக்காரர். பட்டறையில் அவருக்குப் பளபளா என்று பெயர். அவர் கையில் சிக்கியது எதுவும் மினுங்காமல் வெளியே வராது. எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளின் அடிப்பக்கத்தைக்கூட அரத்தால் ராவி வைத்திருக்கிறார், அதை எறும்புதான் போய்ப் பார்க்க வேண்டும். என் பெட்டிக்காக ஞாயிற்றுக்கிழமையும் வந்து, கம்பிகளின் விளிம்பையெல்லாம் உருட்டி, கம்பி தகட்டில் உட்காரும் மூலைகளை வெல்டால் நிரப்பி, சரிவாகத் தேய்த்து, கடைசியில் துணியால் துடைத்தும் வைத்திருந்தார். அத்தனையும் என் மேல் உள்ள பிரியம்.

நாலு பேர் நிற்கும்போது இதை எப்படிச் சொல்வது? சொல்லாமலும் இருக்க முடியாது.

"என்னங்க, கூர் எல்லாம் எங்க?"

"எடுத்துட்டேன். உன் பேர்ல போற சாமான், பிசிறோட விட முடியுமா?"

"கூர்லதாங்க காத்து தடுக்கும். இப்ப இதுக்குமேல சறுக்குமரம் விளையாடிட்டுப் போகுது."

யாரோ சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப் போனது. தான் இழைத்த தகட்டைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே நின்றார். பிறகு கிரைண்டரை எடுத்து, கம்பிகளை ஒவ்வொன்றாக அறுத்துத் தள்ளினார். புதுக் கம்பிகளை அறுத்தது அறுத்தபடியே வைத்துப் பற்றவைத்தார். அரத்தைத் தொடவே இல்லை. இரண்டு தடவை கை தானாக அரத்தின் பக்கம் போனதையும், அவர் அதை இழுத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன். தாலி கட்டிய நாளில்கூட இந்த மனுஷனை நினைத்து நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

மறுபடி புகையைத் திறந்துவிட்டோம், விசிறி ஓடியது. கம்பிகள் தடுப்பதால் மோட்டாருக்குச் சுமை கொஞ்சம் கூடியது. அது நான் எதிர்பார்த்ததுதான். ஐம்பத்தைந்து. ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்றுக்கு வந்து முள் நின்றது. முதலாளி காற்று வரும் வாயில் கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"டீசல் ஹீட்டர் வேணாம்மா" என்றார்.

விசிறியை நிறுத்தியதும் நான் வெளியே போய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தால் மூடி மறுபடி திறந்து கிடந்தது. வெல்டர்கள், இழைப்பவர்கள், கணக்கெழுதுகிற அக்கா உட்பட எல்லோரையும் வீட்டுக்காரர் கூட்டி வைத்திருந்தார். வெல்டுப் பொட்டுகளும் பிசிறும் அப்படியே இருந்த தகட்டின் மேல் டார்ச் அடித்து, ஒவ்வொரு கம்பியாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாத்துக்குங்க. ஒண்ணுகூட ராவல."