மசாஜ் மேசையில் சொன்னது

வலது தோள் பூட்டிக்கொண்டது. துணி வெட்டுகிறவளுக்குத் தோள் போனால் சோறு போச்சு. சீருடை தைக்கும் கம்பெனியில் இத்தனை வருஷமாகக் கத்தரி பிடித்த கை, தலை வாரக்கூட மேலே எழவில்லை. அதனால்தான் அந்த மருத்துவ மையத்துக்குப் போனேன். ஒரே கட்டிடத்தில் டாக்டர், அக்குபஞ்சர்காரர், மூச்சுப்பயிற்சி சொல்லித்தருபவர், மசாஜ் செய்பவள் என்று ஒரு பட்டாளமே இருந்தது.

"நாங்க தோளை மட்டும் பாக்கறதில்லம்மா, முழு ஆளையும் பாக்கறோம்" என்றார் டாக்டர். ஐயா, எனக்குத் தோள் மட்டும் போதும் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். என் புத்தி புல் மேயப் போயிருந்தது.

மசாஜ்காரி என்னைவிடச் சின்னவள். வாய் நிறைய அக்கா, அக்கா என்பாள். கை அப்படியொரு கை. குப்புறப் படுத்தால் எதிரில் முகம் இருக்காது. முகம் இல்லாவிட்டால் எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஒருநாள் என் மகளைப் பற்றிச் சொன்னேன். புருஷனோடு ஒத்துவராமல் கைக்குழந்தையோடு என்னிடம் வந்துவிட்டவள். எங்களுடையது ஒற்றை அறை வீடு.

"பெத்த பொண்ணுதான், இல்லங்கல. ஆனா வேலை முடிஞ்சு கதவத் தொறந்தா மூச்சு முட்டுது. எப்படா கெளம்புவாளோன்னு இருக்கு."

அலுப்பில் வந்த பேச்சு. எண்ணெய் தடவும்போது வாயில் வருவதெல்லாம் வாக்குமூலமா? அன்று சாயங்காலமே பேரனை இடது கையால் வாரியெடுத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை மகளையும் அழைத்து வரச் சொன்னார் டாக்டர். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைக் காட்டித் தருவார்கள் என்று நினைத்து, நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மசாஜ்காரியும் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் குரலைத் தாழ்த்தி மகளிடம் சொன்னார்: "உங்கம்மா வலிக்கு வீட்டு நெருக்கடியும் ஒரு காரணம். நீங்க வந்ததுல இருந்து அவங்களுக்கு மூச்சு முட்டுதாம். எப்ப கெளம்புவீங்கன்னு இருக்காம். ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசிட்டா தோள் தானா இளகிடும்."

நான் மசாஜ்காரியைப் பார்த்தேன். அவள் தன் நகத்தைப் பார்த்தாள். வெளியே வந்ததும் அவளை மடக்கினேன்.

"உன்கிட்டதானே சொன்னேன்? ஊருக்கா சொன்னேன்?"

"எங்க முறையே அதுதாங்க்கா. வாராவாரம் எல்லாரும் உக்காந்து எல்லாத்தையும் பேசுவோம். உங்க நல்லதுக்குத்தான்."

"நல்லா இருக்குடி உங்க நல்லது. நம்பினவ கழுத்த அறுக்கறதுக்கு ஒரு முறை வேறயா?"

பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் குழந்தையின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

"அலுப்புல சொன்னதுடி. மனசுல ஒண்ணுமில்ல" என்றேன்.

"நீ சொன்னது தப்பில்லம்மா. இடம் பத்தாதுன்னு எனக்கே தெரியும். ஆனா உனக்குக் கஷ்டமா இருக்கான்னு நான் எத்தன தடவ கேட்டேன். சிரிச்சுக்கிட்டே இல்லன்னியே. யாரோ ஒருத்திகிட்ட சொல்ல முடிஞ்சுது, என்கிட்ட முடியலையா?"

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. அந்த வாரமே தோழியோடு தங்க ஏற்பாடு செய்துகொண்டாள்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கியவள், பாதியில் நின்று திரும்பினாள்.

"வர்றதுக்கு முன்னாடி போன் பண்றேம்மா. உனக்குத் தோதுப்படுமான்னு கேட்டுக்கிட்டே வரேன்."