வரைபடத்தில் இல்லாத மீன்

சவப்பெட்டியின் மூடியைச் சாய்த்து வைக்க இடமில்லை என்று சவப்பெட்டிக்கடை நிக்கோலா சொன்னதால், ஒர்னெல்லா நாற்காலி மேல் ஏறி அப்பாவின் வரைபடத்தைச் சமையலறைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள். மூன்று ஆணிகள் வந்துவிட்டன. நாலாவது அப்பாவைப் போலவே அடம் பிடித்தது.

அப்பா, எத்தோரே வாத்தியார், நாற்பது வருடம் வரைந்த படம் அது. இன்றைய ஊர் கறுப்பு மையில். அதன் அடியில் புதைந்து கிடக்கும் ரோமானியர் காலத்து ஊர் சிவப்பு மையில். பள்ளிப் பிள்ளைகளை இடிந்த சுவர்களுக்குக் கூட்டிப்போய், உடைந்த ஜாடியின் காதைக் கையில் கொடுத்து, மிளகு எந்தெந்தக் கடல் தாண்டி இந்தத் தெருவுக்கு வந்தது என்று உலகப் படத்தில் விரல் வைத்துக் காட்டுவார். பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர். பெரியவர்களுக்குத்தான் ஆகாது. யார் வீட்டில் கடப்பாரை பட்டு ஒரு பழங்கல் தெரிந்தாலும் மறுநாளே தொல்லியல் அலுவலகத்துக்கு எழுதிவிடுவார். வேலை நிற்கும், வேலி வரும், வருடங்கள் போகும்.

"அக்கா, வண்டி படிக்கட்டுல இறங்காது. கோயில் வரைக்கும் தோள்லதான் போகணும்" என்றான் நிக்கோலா. "நானும் எங்க ஆளும் ரெண்டு பேரு. இன்னும் ரெண்டு பேர் வேணும்."

"வருவாங்க."

"யாரு?"

அவள் நாலாவது ஆணியைப் பிடித்து இழுத்தாள். எதிர்வீட்டு ஃபவுஸ்தோ காலையிலேயே ஜன்னலைச் சாத்திவிட்டான். அவன் நிலவறையும் படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

பத்தரைக்குச் சித்தப்பா சவேரியோ வந்தார். முப்பத்தாறு வருடம் கழித்து இந்த வாசலை மிதிக்கிறார். தொப்பியைக் கழற்றவில்லை, அண்ணன் முகத்தையும் பார்க்கவில்லை.

"படத்தை எடும்மா, பாக்கணும்."

மேசையில் விரித்தாள். அவர் விரல் நேராகச் சந்தைத் தெருவுக்குப் போனது. அவர் ரொட்டிக்கடை கட்ட அஸ்திவாரம் தோண்டிய இடம். குளியல்கூடச் சுவர் என்று அண்ணன் எழுதிப்போட்டார். பதினோரு வருடம் வேலி. கடை போய், சித்தப்பா ஜெர்மனியில் லாரி ஓட்டிக் காலம் கழித்தார்.

"எவ்ளோ அழகா வரைஞ்சிருக்கான், பாவி" என்றார். விரல் தெருவோடு மெல்ல நகர்ந்து இந்த வீட்டில் வந்து நின்றது. சுற்றிலும் சிவப்பு. இங்கே மட்டும் வெறும் காகிதம்.

"இந்த வீட்டுக்கடியில ஒண்ணுமில்லையா?"

எட்டு வயதில் ஒர்னெல்லா பார்த்திருக்கிறாள். அம்மாவுக்குப் புது அடுப்பு வைக்கச் சமையலறைத் தரையைப் பெயர்த்தபோது, சின்னச் சின்ன வண்ணக் கற்களால் ஆன ஒரு மீன். சிவப்புக் கண். அப்பா கொத்தனாரை அனுப்பிவிட்டு, முகம் மழிக்கும் தூரிகையால் சாயங்காலம் வரை அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் தானே சிமெண்டு குழைத்து மூடி, மேலே தளக்கல் பதித்தார். "கனவு கண்டிருக்கேடி" என்றார். அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தம்பியைப் பற்றி எழுதினார். கடைசி மாதங்களில் கட்டிலைச் சமையலறையில் போடச் சொன்னபோது, இங்கேதான் கதகதப்பு என்றார். அவளும் சரி என்றாள்.

இப்போது அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. செத்த பிறகும் அவருக்காக நான்தான் பொய் சொல்ல வேண்டுமா?

நிக்கோலா கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல சித்தப்பா."

"நெசமாவா?"

"பொறந்ததுலேருந்து இந்தத் தரையிலதான் நடக்கறேன். ஒண்ணுமில்ல."

சித்தப்பா தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஜன்னலுக்குப் போய்க் குரல் கொடுத்தார்.

"ஃபவுஸ்தோ, எறங்கி வாடா. இவன் வீட்டுல மட்டும் ஒண்ணும் கெடைக்கலையாம். கெடைச்சிருந்தா தன்னையும் எழுதிக் குடுத்திருப்பான். அந்த மட்டுக்கும் நேர்மையான ஆளு."

எதிர்ஜன்னல் உடனே திறக்கவில்லை. ஆனால் ஃபவுஸ்தோ வந்தான், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

நிக்கோலா மூடியைப் பொருத்தித் திருகி முடித்ததும் நான்கு பேரும் குனிந்தார்கள். "மூணு சொன்னதும் தூக்குங்க" என்றான் நிக்கோலா. பெட்டி எழுந்தது. பாரம் தாங்காமல் சித்தப்பா ஓரடி பின்னால் நகர்ந்து, அடுப்போரத்துத் தளக்கல்லில் இடதுகாலை அழுத்தி ஊன்றினார்.

"கெட்டித் தரை" என்றார்.

ஒர்னெல்லா கதவை அகலத் திறந்துவிட்டாள்.