நூறு வீத இந்தியக் கூந்தல்

எங்கள் கடை மொன்றியல் டவுன்டவுனில், சென் கத்தரின் வீதியில், மெட்ரோ வாசலிலிருந்து இரண்டு நிமிட நடை. என் பெயரும் கத்தரின் என்பதால், இந்த வீதியை எனக்குத்தான் சீதனமாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று முதலாளி எமிலியானுஸ் அண்ணை வருகிறவர்களிடமெல்லாம் பகிடி விடுவார். சிரிப்பே வராது. ஆனால் சம்பளம் தருகிறவரின் பகிடிக்குச் சிரிக்காமல் இருக்க முடியுமா?

நாங்கள் விற்பது தலைமயிர். கட்டுக் கட்டாக, பெட்டி பெட்டியாக. வாங்குகிறவர்கள் கறுப்பினப் பெண்கள். ஹெயிட்டியிலிருந்தும் ஜமேக்காவிலிருந்தும் வந்தவர்கள், பாட்டன் காலத்தில் அமெரிக்காவிலிருந்து ரயில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள், விடுமுறைக்கு நியூயோர்க்கிலிருந்து வருகிறவர்கள். விற்பது நான். சரியாகச் சொன்னால், விற்பது என் பின்னல். கடைக் கண்ணாடியில் ‘நூறு வீத இந்தியக் கூந்தல்’ என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதி, அதற்குக் கீழே என்னை நிறுத்தி வைத்திருந்தார் அண்ணை. நான் யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்தவள். இந்தியாவை விமானத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை. பெட்டிக்குள் இருந்த மயிர் சீனாவிலிருந்து வந்தது. அந்த வகையில் எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம்.

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பின்னல் என்னுடையது அல்ல.

2003இல் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குச் சொந்தமாக நல்ல அடர்த்தியான மயிர் இருந்தது. ஆனால் சுருட்டை. அண்ணை ஒரு கிழமையாக என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“கத்தரின், குறை நினைக்காதை. இந்தியக் கூந்தல் எண்டு போட்டிட்டு நீ இப்பிடிச் சுருட்டையோடை நிண்டால் ஆர் நம்புவினம்? சுருட்டை வேண்டாமெண்டுதானே அவையள் எங்களிட்டை வருகினம்” என்று அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் தந்தார். கறுப்பினப் பெண்கள் மயிரை நேராக்கப் பூசுகிற கிறீம்.

பதினைந்து நிமிடத்தில் கழுவிவிட வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்ததாம். நான் வாசிக்கவில்லை. தலைக்கு வைப்பது எதுவானாலும் ஊற வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும். நல்லெண்ணெய் ஊறவில்லையா, வெந்தயம் ஊறவில்லையா? பூசிக்கொண்டு, தொலைபேசி அட்டை ஒன்றைச் சுரண்டி, ஊரிலிருக்கும் தங்கச்சியோடு கதைக்க உட்கார்ந்துவிட்டேன். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அட்டை முடிய ஒரு மணித்தியாலம் ஆனது. கழுவப் போனபோது மயிர் கையோடு வந்தது. உச்சியில் உள்ளங்கை அளவு இடத்தில் அதற்குப் பிறகு ஒன்றும் முளைக்கவில்லை. சுற்றிவர மிஞ்சியது தேங்காய்த் தும்பு மாதிரி இருந்தது. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மனிசன் அருமைராசா டவுன்டவுன் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறார். ஆனால் ஊரில் வலை தைத்த கை. பக்கத்து வீட்டுக்காரிக்கு என்று சொல்லி, கடையில் இருபத்திரண்டு அங்குல மயிர் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மிச்ச மயிரோடு சேர்த்து வலை முடிச்சுப் போட்டு இறுக்கித் தைத்துவிட்டார். “இனிக் கடலுக்கை விழுந்தாலும் கழராது” என்றார். அடுத்த நாள் கடைக்குப் போனேன். கிறீம் நன்றாக வேலை செய்திருக்கிறது என்று அண்ணைக்குப் பரம சந்தோசம்.

அதோடு நின்றிருக்கலாம். ஆசை விட்டால்தானே. அடுத்த வருடம் இருபத்தாறு அங்குலம் போட்டேன். அதற்கடுத்த வருடம் முப்பது. ஐம்பது வயதில் எனக்கு மயிர் முருங்கை மரம் மாதிரி வளர்ந்தது. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை, முதுகைப் பார்த்துத்தான் கதைப்பார்கள். மாதர் சங்கத் தலைவி இமெல்டா ஒருநாள் என்னை ஓரமாக இழுத்து, “கத்தரின் அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ, என்ன வைக்கிறியள்?” என்று கேட்டாள். செவ்வரத்தம்பூவும் கறிவேப்பிலையும் தேங்காயெண்ணெயில் போட்டுக் காய்ச்சுவேன் என்றேன். அவளும் காய்ச்சினாள். தலையணை உறைகள் பாழானதுதான் மிச்சம். தன் தலைக்குத்தான் ராசியில்லை என்று அவள் நம்பினாள். நானும் ஓம் என்றேன்.

கடையில் என் நடப்பு இன்னும் மோசம். “பாருங்கோ அண்ணை, பாவம், சொந்தமா ஒரு சாண் மயிர் இல்லாத சனம்” என்று அந்தப் பெண்களின் முன்னாலேயே தமிழில் சொல்லுவேன். சிரித்த முகத்தோடுதான். அவர்கள் என் பின்னலைப் பார்த்து, “இது முழுக்க உன்னுடையதா?” என்று கேட்பார்கள். “முழுக்க என்னுடையது. ஆண்டவர் தந்தது” என்பேன். என் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் வருகிற ஒரே வசனம் அதுதான். மாதாமாதம் வருகிற மிஸஸ் டால்டன் என்ற எழுபது வயது மனுசி மட்டும், “ஆண்டவர் நல்லவர்” என்று தலையாட்டிவிட்டு இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு போவார்.

2006 ஒக்டோபரில் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு மயிர்க்கடை திறந்தார்கள். அண்ணைக்கு நித்திரை போய்விட்டது. யோசித்து யோசித்து, டெட்ராயிற்றிலிருந்து லவோன் என்ற கறுப்பினப் பெண்ணை ஒரு சனிக்கிழமைக்கு ஒழுங்கு செய்தார். தலை அலங்காரத்தில் அமெரிக்கா முழுக்கப் பெயரெடுத்தவள் என்று நோட்டீஸ் அடித்தார்.

“அவ உன்ரை பின்னலை அவிட்டு, எல்லாருக்கும் முன்னாலை அடியிலையிருந்து நுனி வரைக்கும் வாரிக் காட்டுவா. எதிர்க்கடைக்காரனிட்டை இப்பிடி ஒரு தலை இருக்கோ?” என்றார்.

“அண்ணை, எனக்குக் காய்ச்சல் வாற மாதிரிக் கிடக்கு” என்றேன்.

“இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமைக்குள்ளை மாறும்” என்றார். “உன்னை வச்சுத்தான் கடையே நடக்குது. இமெல்டாவுக்கும் சொல்லிப்போட்டன். கோயில் பத்திரிகைக்குப் படம் எடுக்க கமராவோடை வாறா.”

வேலை போனால் வேறு வேலை. ஜான்-டலோன் சந்தையில் தக்காளி அடுக்கலாம். ஆனால் இமெல்டாவின் கண்ணில் பட்டால் என் மானம் கப்பலேறிவிடும். மூன்று வருடமாக முதுகைப் பார்த்துக் கதைத்தவர்கள் எல்லாரும் இனி உச்சியைப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மனிசனைக் கொண்டு ஒவ்வொரு முடிச்சுக்கும் மேலே இன்னொரு முடிச்சுப் போடுவித்தேன்.

சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கடைக்குள் நாற்பது பெண்கள். நடுவில் ஒரு உயரக் கதிரையில் நான். முன்வரிசையில் இமெல்டா. லவோன் வந்தாள். அறுபது வயதிருக்கும். நெடிய உருவம், காதில் பெரிய வெள்ளி வளையங்கள், தலையில் ஒட்ட வெட்டிய வெள்ளை மயிர், அரை அங்குலம்கூட இல்லை. இவளா எனக்கு மயிரைப் பற்றிச் சொல்லித் தரப்போகிறவள் என்று அந்தப் பயத்திலும் எனக்கு ஒரு இளக்காரம்.

லவோன் என் பின்னலைத் தொடவே இல்லை. நேரே இரண்டு கையையும் என் காதுக்கு மேலே வைத்து, விரல்களை மயிருக்குள் விட்டாள். விரல்கள் ஒரு முடிச்சில் நின்றன. அடுத்த முடிச்சுக்குப் போயின. நான் கண்ணை மூடிக்கொண்டு மடு மாதாவைக் கூப்பிட்டேன்.

“இந்தத் தலை அவசரப்படுத்துற தலையில்லை. எனக்குத் தனி அறை வேணும், ஒரு மணித்தியாலம் வேணும்” என்று அவள் சொன்னது கேட்டது. அவள் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன். ஏதோ விசேஷ சிகிச்சை என்று அண்ணை உடனே அறிவித்து, அந்த இடைவெளியில் வியாபாரத்தைத் தொடங்கிவிட்டார்.

பின்னறையில் பெட்டிகளுக்கு நடுவே என்னை இருத்தி, லவோன் சின்னக் கத்தரிக்கோலால் முடிச்சை வெட்டப் பார்த்தாள். வெட்டுப்படவில்லை. பெரிய கத்தரிக்கோல் எடுத்தாள்.

“ஆர் தைச்சது?”

“என்ரை மனிசன். ஊரிலை மீன் பிடிச்சவர்.”

“நாப்பது வருசமா இந்தத் தொழில் செய்யிறன், இப்பிடி ஒரு முடிச்சுக் காணேல்லை. இதிலை சுறா பிடிக்கலாம்” என்றாள்.

கட்டு முழுக்கக் கழன்று அவள் கையில் வந்தது. முன்னால் கண்ணாடி. மனிசனைத் தவிர இன்னொரு சீவன் அந்தத் தலையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் என் உச்சியை விரலால் தடவினாள்.

“கிறீம்” என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. “எவ்வளவு நேரம் வச்சனி?”

“ஒரு மணித்தியாலம்.”

“எரியேல்லையோ?”

“எரிஞ்சது. எரிஞ்சால் வேலை செய்யுது எண்டு நினைச்சன்.”

அவள் கை அப்படியே நின்றது. “எனக்கு ஏழு வயசிலை அம்மா குசினிக் கதிரையிலை இருத்தி முதல்முதல் பூசினவ. நான் கத்தக் கத்த, எரிஞ்சால்தான் பிள்ளை வேலை செய்யுது, வடிவு சும்மா வருமோ எண்டு சொன்னவ. அவவின்ரை உச்சியிலையும் இதே இடம், இதே அளவு. சாகும்வரைக்கும் தொப்பி இல்லாமல் வாசலுக்கு வரேல்லை.” கத்தரிக்கோலை ஒரு பெட்டிமேல் வைத்தாள். “பேந்து நானும் ஊரிலை உள்ள பெட்டையளின்ரை தலையெல்லாம் அதைப் பூசித்தான் வீடு வாங்கினனான். அம்மா செத்த கிழமை என்ரை தலையை வழிச்சுப்போட்டன். தொழிலை விடேல்லை. வடிவு வேணுமெண்டு வாறவையைத் திருப்பி அனுப்ப நான் ஆர்?”

நான் அவள் கையைப் பிடித்தேன். “அம்மாவாணை, வெளியிலை இருக்கிறவைக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

“ஆருக்கு?”

“அந்த நாப்பது பேருக்கும்.”

லவோன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு. சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. “அவைக்குத் தெரியும். கடைக்கு வந்த முதல் நாளே தெரிஞ்சிருக்கும். எனக்கு வாசலிலை நிண்டே தெரிஞ்சது.”

எங்கள் சனம் பின்னலின் நுனி எங்கே முடிகிறது என்று பார்க்கும். அவர்கள் அடி எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிறவர்கள். மூன்று வருடமாக நான் நுனியை நீட்டிக்கொண்டிருந்தேன்.

“அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?”

“அது சொல்லுறதில்லை” என்றாள். சாதாரணமாக, வீதி ஒழுங்கு ஒன்றைச் சொல்வதுபோல.

“உன்னுடையதோ எண்டு ஏன் கேட்டவை?”

“எப்பவாவது உண்மையைச் சொல்லுவாய் எண்டு பாத்திருப்பினம். நீ ஆண்டவர் தந்தது எண்டு சொன்னால் பேந்து என்ன செய்யிறது? ஆண்டவரைக் காட்டிக்குடுக்கேலுமோ?”

“பேந்தும் ஏன் எங்களிட்டை வாங்கினவை?”

“சுறா முடிச்சோடையே இவ்வளவு வடிவா நிக்குதெண்டால், ஒழுங்காத் தைச்சால் எப்பிடி இருக்கும் எண்டுதான்.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என் தலைக்கு அல்ல. அவர்கள் முன்னால் நின்று நான் தமிழில் சொன்னவை ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முகம் தெரியாதா? சிரித்துக்கொண்டு ஏளனம் செய்கிற முகத்தை அவர்கள் என் கடையில்தானா முதல் தடவை கண்டிருப்பார்கள்?

லவோன் எழும்பினாள். என் தும்பு மயிரைத் தலையோடு ஒட்டச் சின்னச் சின்னப் பின்னல்களாகப் பின்னி, அதன்மேல் புதிய கட்டு ஒன்றை வளைந்த ஊசியால் தைத்தாள். இருபத்தெட்டு அங்குலம் போடச் சொன்னேன். பதினெட்டைப் போட்டாள். கண் இரண்டும் நெற்றிக்கு ஏறுவதுபோல இழுபட்டது. அதே ஆளாக வெளியே போவதா, வேறு ஆளாகப் போவதா என்று எனக்குத் தெரியவில்லை. கால் மட்டும் நடந்தது.

வெளியே கைதட்டினார்கள். அண்ணை என்னைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். கட்டையாக்கிவிட்டாள் என்று அவருக்குக் கொஞ்சம் கவலை. இமெல்டா இரண்டு படம் எடுத்துவிட்டுக் கிட்ட வந்தாள். “அக்கா, நுனி வெட்டினாலும் இன்னும் அடர்த்தியா வந்திட்டுதே. அவ என்ன எண்ணெய் பூசினவ? எங்கடை பெட்டையளுக்கும் எழுதித் தாங்கோ, கோயில் பத்திரிகையிலை போடுவம்.”

என் வாயில் பதில் வருமுன் மிஸஸ் டால்டன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கைப்பையைத் திறந்து, கடதாசியில் சுற்றிய இரண்டு தலைவலிக் குளிசைகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். என் காதுக்குள், “கடுமையா இறுக்குதோ மகள்? ரெண்டு நாளைக்கு இறுக்கும். குப்புறப் படு” என்றார். மூன்று வருடத்தில் என் பின்னலைப் பற்றி அல்லாமல் என்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. என் கண் நிறைந்துவிட்டது.

“என்னவாம்?” என்றாள் பக்கத்தில் நின்று பாதியைக் கேட்டுவிட்ட இமெல்டா. “ஏன் குளிசை? என்ன இறுக்குதாம்?”

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். மிஸஸ் டால்டனும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். அவர் முகத்தில் ஒரு அசைவும் இருக்கவில்லை. நான் இல்லை என்று சொன்னால் ஆண்டவர் நல்லவர் என்று தலையாட்டிவிட்டுப் போவதற்கு ஆயத்தமாக நின்றார்.

“ஓம், மிஸஸ் டால்டன்” என்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இமெல்டாவுக்கும் விளங்கும்படி சத்தமாகச் சொன்னேன். “இப்பத்தான் புதுசாத் தைச்சது. கடுமையா இறுக்குது.”

பிறகு இரண்டு குளிசையையும் வாயில் போட்டுக்கொண்டு, மாதர் சங்கத் தலைவியிடம் ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துவரச் சொன்னேன்.